குற்ற நாவல் பிடித்தவரையும் பிடிக்காதவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவது எப்படி?

பெங்களூரு அல்சூரில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கூடும் எங்கள் சிறு வாசகர் வட்டத்தில், கவிதைத் தொகுப்புக்கோ தன்வரலாற்றுக்கோ எழாத சண்டை, திருப்பத்தின் மேல் திருப்பமாக எழுதப்பட்ட ஒரு குற்ற நாவலுக்கு எழுந்தது. ஒன்பது பேரில் நால்வர் ஒரே மூச்சில் படித்து முடித்ததாகச் சொன்னார்கள்; மூவர் நூலின் விலையைத் திருப்பிக் கேட்கும் மனநிலையில் வந்திருந்தார்கள்; மீதி இருவர் யார் பேசினாலும் தலையசைத்தார்கள். அன்று இரண்டு மணி நேரம் பேசியும் யாரும் எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளவில்லை என்பதால், அடுத்த மாதம் அதே நாவலை மறுபடியும் எடுத்து, வேறு முறையில் பேசினோம். இத்தகைய நாவலை நண்பர்களோடு பேச விரும்புவோருக்கு அந்த முறையை எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை முடிவு கசியாமல் பார்த்துக்கொள்வது. கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. கூட்டத்துக்கு நான்கு நாட்களுக்கு முன் வாட்ஸ்அப் குழுவில், “அந்த ஆளை நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன்” என்று ஒரே ஒரு வரி எழுதினேன். நாவலின் பிற்பகுதியில் உயிரோடு எஞ்சியிருக்கும் ஆண்கள் இருவர்தாம். அவர்களில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். பாதி வரை படித்திருந்த ஒருவர் அன்றோடு நூலை மூடிவிட்டு, என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. ஆகவே கூட்டம் வரை குழுவில் நேரமும் இடமும் மட்டுமே பேசப்படட்டும். கூட்டத்திலும் முதல் அரை மணி நேரத்தை நடை, உரையாடல், காவல் நிலையச் சித்திரிப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டால், படித்து முடிக்காதவர்கள் அதுவரை இருந்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

அடுத்தது, வாயைத் திறப்பதற்கு முன் எழுத வைப்பது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்த அத்தியாயத்தில் யாரைச் சந்தேகித்தீர்கள், எந்த இடத்தில் நூலை வைத்துவிடத் தோன்றியது, எந்தத் திருப்பம் வந்ததும் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தீர்கள். முதலில் உரக்கப் பேசுபவரின் கருத்தை ஒட்டியோ வெட்டியோ மற்றவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்வது எந்தக் கூட்டத்திலும் நடப்பது என்பதால், பின்னர் பேசும் பேச்சைவிட, ஐந்து நிமிட மௌனத்தில் எழுதிய சீட்டுக்கே நம்பகம் அதிகம். எங்களுக்கு வந்த சீட்டுகளில் ஒன்றில் இப்படி இருந்தது: “9 – மாடிவீட்டுக்காரர். 14 – இல்லை, மனைவி. 22 – இனி என்னையே சந்தேகப்பட வேண்டியதுதான்.” நாவலின் நடுப்பகுதி எப்படி அலைக்கழிக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் அன்று சொல்லவில்லை. பக்க எண்ணைக் கேட்காதீர்கள். அச்சு நூலிலும் கிண்டிலிலும் அது ஒத்துப்போகாது.

இனி விவாதத்தின் மையத்துக்கு வரலாம். “நாவல் பிடித்ததா?” என்று கேட்டால் கட்சி பிரிந்துவிடும். திருப்பங்களை ஒவ்வொன்றாகத் தனியே எடுத்து, அதற்கான துப்பு வாசகரின் கண்ணில் முன்கூட்டியே காட்டப்பட்டதா என்று மட்டும் கேட்க வேண்டும். எங்கள் நாவலில் பெரிய திருப்பங்கள் இரண்டு. முதல் திருப்பத்தில், கொலை நடந்த இரவு ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை குடியிருப்பு முழுவதும் மின்சாரம் இல்லை என்று ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் மாடிவீட்டுக்காரர் ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லிக்கொண்டே, பத்து மணிக்கு லிஃப்டில் ஏறி வந்ததாகக் கூறுகிறார். நாம் துணுக்குக்குச் சிரித்துவிட்டு லிஃப்டைக் கவனிக்காமல் விடுகிறோம். இது நேர்மையான ஆட்டம். ஒயிட்ஃபீல்டில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர், “மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும், லிஃப்டும் ஓடும், இதில் என்ன துப்பு?” என்று கேட்டார். பெங்களூரின் புதிய அடுக்ககங்களில் பழகியவருக்கு அது நியாயமான கேள்விதான். நூலைப் புரட்டினோம், ஜெனரேட்டர் இல்லாத பழைய சென்னைக் குடியிருப்பு என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு வரி இருந்தது. அவர் சீட்டில் எழுதியிருந்த ‘ஏமாற்று’ என்ற சொல்லை அடித்துவிட்டார்.

இரண்டாவது திருப்பத்துக்கு அந்தப் பெருமை கிடையாது. முப்பத்தோராம் அத்தியாயத்தில், அதுவரை ஒரு வார்த்தைகூடக் குறிப்பிடப்படாத இரட்டைச் சகோதரி வந்து நிற்கிறாள். பாதிரியாராகவும் துப்பறியும் கதை எழுதுபவராகவும் இருந்த ரொனால்ட் நாக்ஸ், 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்றாக, வாசகரை முறையாகத் தயார்ப்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்று எழுதி வைத்தார். விதியை மீறிய நல்ல நாவல்கள் உண்டு. ஆனால் மீறலுக்கு ஈடாக ஏதாவது கிடைக்க வேண்டும். இங்கே கிடைத்தது அவசரமான ஒரு முடிவு மட்டுமே என்பது என் எண்ணம். இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, புகழ்ந்த நால்வரும் முதல் திருப்பத்தையும், திட்டிய மூவரும் இரண்டாவதையும் மனத்தில் வைத்தே பேசியிருந்தார்கள் என்பது தெரிந்தது.

எங்கள் நாவலைப் போல் எல்லாம் இவ்வளவு எளிதாகப் பிரிந்துவிடாது. 1926இல் அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ வெளிவந்தபோது அதன் முடிவு மோசடி என்று ஒரு சாராரும், எல்லோரையும் சந்தேகிப்பது வாசகரின் பொறுப்பு என்று மறுசாராரும் வாதிட்டார்கள். படிக்காதவர்களுக்காக முடிவை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

“எனக்கு முன்பே தெரிந்துவிட்டது” என்பவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். எதை வைத்துத் தெரிந்தது என்று கேளுங்கள். லிஃப்டை வைத்து என்றால் அது நாவலுக்குப் பாராட்டு. “ரொம்ப நல்லவராகக் காட்டினார்கள், அப்போதே புரிந்தது” என்றால், அவர் கண்டுபிடித்தது கொலையாளியை அல்ல, இவ்வகை நாவல்களின் பழக்கத்தை.

வாசகர் எப்படிப் படித்து வளர்ந்தவர் என்பதையும் விசாரிப்பது நல்லது. எங்கள் வட்டத்தின் மூத்தவர், எழுத்தாளர் சுஜாதா பணியாற்றிய அதே பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுஜாதாவின் துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷும் வசந்தும் வரும் தொடர்கதைகளை வார இதழ்களில் வாரம் ஒன்றாகப் படித்தவர். ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு மேலே ஓர் அதிர்ச்சி இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. இரண்டு அதிர்ச்சிகளுக்கு இடையே ஏழு நாட்கள் கிடைத்ததால் அவருக்கு அலுப்பும் தட்டவில்லை. அதே எண்ணிக்கையை ஒரே இரவில் விழுங்கும் இளைஞருக்குப் பத்தாவது திருப்பத்தில் உணர்ச்சி மரத்துப்போகிறது. இளைஞர்கள் இருவரை அடுத்த நாவலை ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று படிக்கச் சொல்லியிருக்கிறோம்.

கூட்டம் முடியும்போது சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, மனம் மாறியிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். பழைய வரி தெரியும்படி ஒரே கோடாக அடிக்க வேண்டும். எங்களிடம் ஐந்து சீட்டுகளில் திருத்தம் இருந்தது. மூத்தவர் மட்டும் இரட்டைச் சகோதரிக்குக் கீழே, “அந்தக் காலத்தில் இதற்கும் கைதட்டினோம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மெட்ரோவைப் பிடிக்கக் கிளம்பிப் போனார்.