டர்பன் பாணி ஆட்டுக்கறிக் குழம்பு: எந்தக் கறியை வாங்குவது, எப்படி வேகவைப்பது

டர்பன் நகரம் இருக்கும் தென்னாப்பிரிக்காவில் செம்மறி ஆட்டுக்கறி வாங்குவோர், விலையைப் பார்ப்பதற்கு முன், மேற்கொழுப்பில் உருளை முத்திரையாகப் பதிந்திருக்கும் மையின் நிறத்தைக் கவனிப்பது நல்லது. ஊதா நிறத்தில் ‘ஏ’ என்றிருந்தால் அது நிலைப்பல் ஒன்றுகூட முளைக்காத இளம் ஆடு. பச்சை நிற ‘ஏபி’க்கு ஒன்று அல்லது இரண்டு பற்கள், பழுப்பு நிற ‘பி’க்கு 3 முதல் 6 வரை, சிவப்பு நிற ‘சி’க்கு அதற்கும் மேல்; பற்கள் கூடக்கூட ஆட்டின் வயதும் கூடுதல் என்று பொருள். துண்டுபோட்டுத் தட்டில் அடைத்த கறியில் இம்முத்திரை பெரும்பாலும் தெரியாது என்பதால், கடைக்காரரிடம் கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டாம்.

குழம்புக்குத் தொடைக்கறியைவிட எலும்போடு கூடிய தோள்பட்டையும் கழுத்துமே சிறந்தவை என்பேன். விலையும் பெரும்பாலும் குறைவு. வெங்காயம், கறிவேப்பிலை, பட்டை, சோம்பு ஆகியவை எண்ணெயில் சிவந்ததும், அடுப்பைத் தணித்து மசாலாத் தூளைச் சேர்த்து, அது கருகுவதற்குள் கறியைப் போட்டுப் புரட்டி, தண்ணீர் ஊற்றாமல் மூடிவைத்தால், கறி விடும் நீரிலேயே முதல் வேக்காடு நடந்துவிடும். அந்த நீர் வற்றி எண்ணெய் ஓரத்தில் பிரியும்போதுதான் தக்காளியும் சிறிது வெந்நீரும் சேர்க்க வேண்டும். கறி முக்கால் பங்கு வெந்த பிறகு உருளைக்கிழங்கைப் பெரிய துண்டுகளாகப் போடலாம். தக்காளியின் புளிப்பில் அது மெதுவாகவே வேகும் என்பதால், கிழங்கில் கத்தி எளிதாக இறங்கும்வரை சிறு தீயில் விட்டுவைத்து, கடைசியில் கொத்தமல்லி தூவி இறக்குங்கள்.