திருமண நாளில் நவீன உணவகத்தில் விருந்து: இருவருக்கான திட்டமிடல் வழிகாட்டி

திருமண நாளன்று காலையில் கோயில், பெரியவர்களிடம் ஆசி, மாலையில் ஒரு நல்ல உணவகம் என்ற வரிசை இன்று நம் நகரங்களில் பல குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. அந்த மாலை நிறைவாக அமைய வேண்டுமானால், சாப்பிடும் இரண்டு மணி நேரத்தில் கணவனோ மனைவியோ எதையும் நிர்வகிக்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இடம், நாள், சைவமா அசைவமா என்ற கேள்வி, பணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகிய அனைத்தையும் முன்னதாகவே முடித்துவிட்டால்தான் எதிரெதிரே அமர்ந்து நிம்மதியாகப் பேச முடியும். குறிப்பாக, 'இன்று என்ன சமைப்பது' என்ற கேள்வியை ஆண்டு முழுவதும் சுமப்பவர் யாரோ, அவருக்கு அன்று அந்தக் கேள்வி வேறு வடிவில் திரும்பி வரக்கூடாது. சென்னையை முன்வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்களில் உணவகங்களின் பெயர்கள் மாறினாலும் செய்ய வேண்டியவை பெரும்பாலும் இவையே.

நாளும் நேரமும்

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைப்பதை நாம் தவிர்ப்பதால், தமிழ்க் குடும்பங்களின் திருமண நாட்கள் தை, வைகாசி, ஆவணி போன்ற சில மாதங்களில் குவிந்துவிடுகின்றன. ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையிலும், ஆகஸ்ட் பிற்பகுதியிலும் செப்டம்பர்த் தொடக்கத்திலும் வார இறுதி மாலைகளில் நல்ல உணவகங்களில் இருவருக்கான மேசை கிடைப்பது அரிது. தை மாதத்தில் மணமானவர்கள் பிப்ரவரி 14-ஐ ஒட்டிய நாட்களில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் பல உணவகங்கள் வழக்கமான மெனுவை ஒதுக்கிவிட்டு, நிலையான விலையில் ஒரே விருந்தை மட்டும் பரிமாறுகின்றன.

அடுத்து, கிழமையையும் திதியையும் பாருங்கள். நாம் ஆங்கிலத் தேதியில் திருமண நாளைக் கொண்டாடுவதால், அது ஓர் ஆண்டு வெள்ளிக்கிழமையிலும் இன்னோர் ஆண்டு அமாவாசையிலும் கிருத்திகையிலும் வந்து நிற்கும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிட்டால் அசைவமே தொடாத வீடுகள் ஏராளம். இருவரில் ஒருவர் விரதமிருக்க, மற்றவர் இறால் வறுவலைத் தனியாக உண்பது விருந்தாகாது. அப்படிப்பட்ட ஆண்டில் காலைப் பூசையையும் கோயிலையும் உரிய நாளிலேயே வைத்துக்கொண்டு, உணவகத்தை மட்டும் முன்னோ பின்னோ ஓரிரு நாள் நகர்த்திவிடலாம். திங்கள் முதல் வியாழன் வரையிலான மாலைகளில் கூட்டம் குறைவாக இருக்கும். சமையலறைக்கும் பரிமாறுபவருக்கும் உங்களைக் கவனிக்க நேரமிருக்கும். சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கு மதிய விருந்து இன்னும் வசதியானது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் இருவரும் சென்று திரும்பிவிடலாம்.

எந்த வகை இடம்

நட்சத்திர விடுதியின் பஃபே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஏற்றதாக இருக்கலாம். திருமண நாளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் தட்டுடன் வரும்போது மற்றவர் எழுந்து போவார். இருவரும் சேர்ந்து அமர்ந்திருக்கும் நேரம் குறைந்துபோகும்.

உணவே அந்த மாலையின் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று விரும்புவோருக்கு 'டேஸ்டிங் மெனு' முறை பொருந்தும். இதில் நீங்கள் உணவுகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. சமையலறை வகுத்த வரிசையில் சிறிய சிறிய தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கிண்டியில் உள்ள ஐடிசி கிராண்ட் சோழா விடுதியில் 2017-இல் தொடங்கிய 'ஆவர்தனா' இதற்குத் தமிழகத்தின் சிறந்த எடுத்துக்காட்டு. தென்னிந்தியச் சமையலை அடிப்படையாகக் கொண்டு 7, 9, 11, 13 என்ற எண்ணிக்கைகளில் தட்டுகள் கொண்ட விருந்துகளை வழங்கும் இந்த உணவகம், ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் 2024-இல் இடம்பெற்றது. ரசம் நம் வீட்டில் தினமும் கொதிப்பதுதான். அதையே தெளிந்த சாறாக வடித்து, கண்ணாடிக் கோப்பையில் முதல் சுற்றில் தரும்போது, பழகிய புளிப்பையும் மிளகையும் புதிதாகக் கவனிக்கத் தோன்றுகிறது. நாவுக்கு அந்நியமில்லாத சுவை, கண்ணுக்குப் புதிய வடிவம் என்ற இந்தச் சேர்க்கை, வெளிநாட்டு உணவில் நாட்டமில்லாத துணைவருக்கும் தயக்கமின்றி அமையும். இந்த வகை விருந்து முடிய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகலாம். முதல் முறை செல்வோருக்குக் குறைந்த எண்ணிக்கையிலான விருந்தே போதும். பதின்மூன்று தட்டுகளில் கடைசி மூன்றைச் சோர்ந்துபோய்ச் சாப்பிடுவதில் பொருளில்லை.

புதிய நாட்டின் உணவை இருவரும் சேர்ந்து அறிய விரும்பினால், தியாகராய நகரில் உள்ள 'பாண்டன் கிளப்' நல்ல தேர்வு. மலாய் நாட்டில் குடியேறிய சீனர்களின் வழித்தோன்றல்களான பெரனாக்கன் மக்களின் சமையல் அங்கே கிடைக்கிறது. தேங்காய்ப்பாலும் மிளகாயும் நிறைந்த அந்த உணவு நம் நாவுக்கு எளிதில் பிடித்துவிடும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய தம்பதிக்கு அது பழைய நாட்களையும் மீட்டுத் தரும். நுங்கம்பாக்கத்தில் உள்ள 'கப்பா சக்கா காந்தாரி' கேரளத்தின் வீட்டுச் சமையலையும் கள்ளுக்கடைச் சமையலையும் நவீன உணவகத்தின் அழகோடு பரிமாறுகிறது. மீன் விரும்பிகளுக்கு உகந்த இடம்.

பேச்சுக்கே முதலிடம் என்றால் திறந்தவெளியைத் தேடுங்கள். செம்மஞ்சேரியில் உள்ள 'தி ஃபார்ம்' தன் பண்ணையில் விளைந்த காய்கறிகளையும் அங்கேயே தயாரிக்கும் பாலாடைக்கட்டியையும் கொண்டு சமைக்கிறது. ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் உள்ள 'அமெதிஸ்ட்' மரங்களுக்கு நடுவே அமைந்த கஃபே. இவ்விரண்டும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனிமையாக இருக்கும். வைகாசியில் மணமானவர்கள் ஏசி உள்ள இடத்தைத் தேடுவதே நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டில் சமைப்பவரால் எளிதில் செய்ய முடியாத உணவு எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். நன்றாகப் பிரியாணி செய்பவரைப் பிரியாணிக்கு அழைத்துச் சென்றால், முதல் கவளத்திலேயே உப்பையும் மசாலாவையும் எடைபோடத் தொடங்கிவிடுவார். முழுவதையும் ரகசியமாக வைத்து வியப்பில் ஆழ்த்துவதையும் நான் ஆதரிக்கவில்லை. இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி, துணைவரின் விருப்பத்தைக் கேட்டுவிட்டு, மற்ற ஏற்பாடுகளை நீங்கள் ஏற்றுக்கொள்வது மேல்.

முன்பதிவின்போது கேட்க வேண்டியவை

செயலி வழியாக முன்பதிவு செய்தாலும், உணவகத்தைத் தொலைபேசியில் ஒரு முறை அழைத்துப் பேசுவது அவசியம். திருமண நாள் என்பதைச் சொல்லி, கழிவறைக்கும் சமையலறைக் கதவுக்கும் அருகில் இல்லாத, சன்னலோரத்திலோ மூலையிலோ உள்ள மேசையைக் கேளுங்கள். கேக்கும் பாட்டும் கைதட்டலும் பல இடங்களில் தாமாகவே ஏற்பாடாகிவிடும். பலர் முன்னிலையில் அப்படிக் கவனிக்கப்படுவதை உங்கள் துணைவர் விரும்பாதவர் என்றால், வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

சைவ உணவு உண்பவர்களுக்கு இந்த அழைப்பு இன்னும் முக்கியமானது. நவீன உணவகங்களின் சமையலில், பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத அசைவப் பொருட்கள் பல உள்ளன. தாய்லாந்துக் கறி விழுதிலும் லக்சா என்ற மலாய் நூடுல்ஸ் சூப்பிலும் இறால் விழுது சேர்வது வழக்கம். காய்கறி மட்டும் மிதக்கும் கிண்ணத்திலும் அது இருக்கக்கூடும். வதக்கிய கீரையில் சிப்பி சாஸும், கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் மீன் சாஸும், சீசர் சாலட்டின் மேல் ஊற்றும் கலவையில் நெத்திலி வகை மீனும் சேர்க்கப்படுவதுண்டு. இத்தாலியின் அசல் பார்மிஜானோ பாலாடைக்கட்டியை உறையச் செய்வதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் பயன்படுகிறது. பன்னகோட்டா, மூஸ் போன்ற இனிப்புகளில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். திராமிசு என்ற இத்தாலிய இனிப்பில் முட்டையும் சில சமயம் மதுவும் இருக்கும். 'சைவம் கிடைக்குமா' என்று பொதுவாகக் கேட்டால் எல்லா இடத்திலும் 'கிடைக்கும்' என்றுதான் பதில் வரும். எனவே மீன் சாஸ், இறால் விழுது, ஜெலட்டின், முட்டை என்று பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் டேஸ்டிங் மெனுவுக்குச் செல்வதானால் ஓரிரு நாள் முன்பாகவே தெரிவிக்க வேண்டும். அங்கே பல தயாரிப்புகள் முந்தைய நாளே தொடங்கிவிடுவதால், மேசையில் அமர்ந்த பிறகு சொன்னால் ஷெஃபால் அதிகம் மாற்ற இயலாது. வேர்க்கடலை, இறால் போன்றவற்றால் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பதிவின்போது ஒரு முறையும் மேசையில் மறுமுறையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், முதல் தட்டு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்ட பிறகே மருந்தின் நேரத்தை முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மது அருந்தும் பழக்கமுள்ளவர்கள், தமிழ்நாட்டில் தனி உணவகங்கள் பெரும்பாலானவற்றில் மது கிடைக்காது என்பதை நினைவில் கொள்ளட்டும். அதற்கான உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளிடமும் கிளப்புகளிடமுமே உள்ளது.

பணம்

மெனுவில் அச்சிட்ட விலையோடு வரி சேரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டால், பில் வரும் நேரத்தில் முகம் மாறாது. தனி உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஓர் அறையின் நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள விடுதிகளுக்குள் இயங்கும் உணவகங்களில் பொதுவாக 18 சதவீதம். இருவரும் 6,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால், முதல் வகை இடத்தில் 6,300 ரூபாயும் இரண்டாவது வகை இடத்தில் 7,080 ரூபாயும் செலுத்த வேண்டியிருக்கும்.

சேவைக் கட்டணம் வேறு. உணவகங்கள் அதைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவற்றை உறுதி செய்தது. பில்லில் அந்தக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால், நீக்கித் தரும்படி அமைதியாகக் கேட்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யும் வழி உண்டு. அந்தப் புகாரை மறுநாள் செய்துகொள்ளுங்கள். நன்றாகப் பரிமாறியவருக்கு உங்கள் விருப்பப்படி டிப்ஸைக் கையில் கொடுப்பது, சேவைக் கட்டணத்தைவிட அவருக்கு நேரடியாகப் பயன்படும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல்: அமர்ந்தவுடன் புட்டித் தண்ணீரா என்று கேட்பார்கள். வடிகட்டிய சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

அன்று மாலை

உறவினர்களின் வாழ்த்து அழைப்புகள் பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு மேல்தான் வரும். நீங்களே மாலையில் பெரியவர்களை அழைத்துப் பேசி முடித்துவிட்டு, உணவகத்தில் கைபேசியை ஒலியடக்கி வையுங்கள். வாட்ஸ்அப் வாழ்த்துகளுக்கு இரவு வீடு திரும்பிய பின் பதில் எழுதலாம். இரவு உணவுக்கு உணவகங்கள் பெரும்பாலும் ஏழு அல்லது ஏழரை மணிக்குத் திறக்கின்றன. திறந்தவுடன் முதல் ஆட்களாகச் செல்வது நல்லது. சமையலறை சுறுசுறுப்பாக இருக்கும், சத்தம் குறைவாக இருக்கும், பரிமாறுபவரும் ஒவ்வோர் உணவையும் நிதானமாக விளக்குவார்.

உடையைப் பொறுத்தவரை, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் சில இடங்களில் அனுமதிக்கப்படுவதில்லை. வேட்டி பற்றிய தயக்கம் தேவையில்லை. வேட்டி அணிந்தவரைக் கிளப்புகளும் சங்கங்களும் நிறுவனங்களும் நடத்தும் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று 2014-இல் தமிழக சட்டமன்றமே சட்டம் இயற்றியிருக்கிறது. பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாக ஒரு தம்பதி நவீன உணவகத்துக்குள் நுழைவது அழகான காட்சி.

மெனுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், ஒரு சூப்பை 'ஒன் பை டூ' கேட்டுப் பகிர்ந்துகொள்ளுங்கள். பின் இரண்டு ஸ்டார்ட்டர், வெவ்வேறான இரண்டு முதன்மை உணவுகள், கடைசியில் ஓர் இனிப்புக்கு இரண்டு கரண்டிகள். அதற்கு மேல் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டாம். போதவில்லை என்றால் பிறகு கேட்கலாம். முள்கரண்டியால் சாப்பிட்டுப் பழக்கம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். அப்பத்தையும் பரோட்டாவையும் கையால் சாப்பிடுவதே முறை; நல்ல உணவகத்தில் கை கழுவ வெந்நீர்க் கிண்ணம் தானாக வரும். ஓர் உணவு ஆறியிருந்தாலோ உப்பு மிகுந்திருந்தாலோ, இரண்டு வாய்க்குள் சொல்லிவிடுங்கள். மாற்றித் தர அவர்கள் தயாராகவே இருப்பார்கள். தட்டைக் காலி செய்த பின் சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

பெற்றோரை அனுப்புவதானால்

முப்பது நாற்பது ஆண்டுகள் இணைந்து வாழ்ந்த அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் இந்த விருந்தைப் பரிசாக அளிப்பதை நான் மிகவும் விரும்புகிறேன். 'எதற்கு வீண் செலவு, வீட்டிலேயே பாயசம் வைத்துவிடலாம்' என்ற பதில்தான் முதலில் வரும். மெனுவின் வலப்பக்க விலையைப் பார்த்தே அவர்கள் உணவைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதால், நிலையான விருந்தாக முன்பதிவு செய்து பணத்தை முன்னதாகவே செலுத்திவிடுங்கள். பில்லை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும் உணவகத்தில் சொல்லி வையுங்கள். மதிய வேளை, படிகள் இல்லாத நுழைவு, தாழ்வான சோபாவுக்குப் பதில் முதுகு சாயும் நாற்காலி, எண்ணெயும் காரமும் குறைத்த சமையல் ஆகியவற்றைத் தொலைபேசியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போக வர வண்டியையும் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். உடன் செல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும்; அவர்களும் 'நீங்களும் வாருங்கள்' என்றே அழைப்பார்கள். குடும்பத்தோடு சாப்பிடுவதை இரவுக்கு வைத்துக்கொண்டு, மதியம் அவர்கள் இருவரை மட்டும் அனுப்பி வையுங்கள்.