இறுகிப்போன கேட் வால்வை கழட்டுன அனுபவம்

தொண்டி பக்கம் ஒரு இறால் பண்ணைல மெயின்டனன்ஸ் பாக்குறேன், கடல்தண்ணி லைன்ல இருந்த 6 இன்ச் கேட் வால்வு (உள்ள ஒரு தகடு மேல கீழ போயி தண்ணிய விடும், அடைக்கும்) பாதில நின்னுட்டு மேலயும் வரல கீழயும் போகல. ஓனர் அண்ணன் பைப் போட்டு நெம்புடான்னாரு, நான் மாட்டேன்னுட்டேன், அப்படி நெம்புனா ஸ்டெம் (அந்த தகட்ட தூக்கி எறக்குற தண்டு) முறுக்கிக்கிட்டு உடையும்.

மொதல்ல மோட்டர ஆஃப் பண்ணி ஃபியூஸ கழட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டேன் (இங்க யாராச்சும் வந்து ஸ்விட்ச தட்டி விட்டுருவானுங்க). ரெண்டு பக்கமும் அடைச்சு தண்ணிய வடிச்சாச்சு. ஆனா பிரஷர் கேஜ் ஜீரோ காட்டுதுன்னு நம்பக்கூடாதுங்க, முழுசா மூடுன கேட் வால்வுல பானட்டுக்குள்ள (வால்வோட மேல்மூடி) பிரஷர் தனியா மாட்டிக்கிட்டு நிக்கும். வடிச்சப்பறம் உள்ள இருக்குற தகட்ட கொஞ்சம் தெறந்து வைக்கணும், இங்க அது ஏற்கனவே பாதி தெறந்துதான் இருந்துச்சு, நல்லதா போச்சு.

போல்ட்டெல்லாம் உப்புல துருப்பிடிச்சு கட்டியா இருந்துச்சு, துரு எடுக்குற ஆயில் அடிச்சு ராத்திரி முழுக்க விட்டேன். காலைல நமக்கு எதிர்ப்பக்கம் இருக்குற நட்ட மட்டும் மொதல்ல ரெண்டு சுத்து தளர்த்தி, எதையும் முழுசா கழட்டாம, பானட்ட லேசா அசைச்சு விட்டேன். மிச்சம் இருந்த தண்ணி அந்தப்பக்கமா பீச்சுச்சு, மூஞ்சில படல. அது நின்னப்பறம்தான் மத்ததெல்லாம்.

உள்ள பாத்தா பித்தளை ஸ்டெம் செவப்படிச்சு, கீறுனா உதிருது, துத்தநாகம் கரைஞ்சு செம்பு மட்டும் மிஞ்சிருக்கு. கடல்தண்ணிக்கு சாதா பித்தளையெல்லாம் ஆகவே ஆகாது. 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டெம், புது கேஸ்கெட் (பானட்டுக்கு அடில வைக்கிற வாஷர்), புது கிளாண்ட் பேக்கிங் (ஸ்டெம்ம சுத்தி தண்ணி கசியாம அடைக்கிறது) போட்டு, நட்ட எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணேன். இப்ப ஒத்தக்கையால சுத்துது.