"லாஜிக்கே இல்லையே" என்பவரிடம் எப்படிப் பேசுவது, அவருக்கு என்ன படம் சொல்வது

இரண்டாம் ஆட்டம் விட்டு வந்து டீக்கடையில் நின்றதும் யாராவது ஒருவர் "லாஜிக்கே இல்லையே" என்று ஆரம்பிப்பார், அப்புறம் ஒரு மணி நேரம் அதிலேயே போகும், கடைசியில் அவரவர் சொன்னதையே சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம். பெரும்பாலும் ஒருவர் நிஜ வாழ்க்கையை வைத்துப் பேசுவார், மற்றவர் படத்தை வைத்துப் பேசுவார். அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்தப் படம் என்ன விதி போட்டது, அதை அதுவே மீறியதா? மீறியிருந்தால்தான் ஓட்டை.

'இன்று நேற்று நாளை' (2015) படத்தையே எடுத்துக்கொள்வோம். "டைம் மெஷினே பொய், இதில் என்ன லாஜிக்" என்பவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், 2065இல் இருந்து ஒரு மெஷின் வருகிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் நாம் அங்கே உட்கார்ந்திருக்கிறோம். கடந்த காலத்தில் கை வைத்தால் இன்றைய நிலைமை மாறும், இதுதான் அந்தப் படத்தின் விதி. தொலைந்த பொருளைத் தேடிப் பின்னால் போகிறவர்களால், சாக வேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்துவிடுகிறான். சரி, அந்த விதி எல்லாக் காட்சியிலும் ஒரே மாதிரி நடக்கிறதா என்று பாருங்கள். நானும் நண்பனும் ஒரு நாள் ஹோட்டல் பில்லின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டோம், ஒன்று ரவுடி செத்த காலம், இன்னொன்று பிழைத்த காலம். ஒவ்வொரு காட்சியும் எந்தக் கோட்டில் வருகிறது என்று குறித்துக்கொண்டே போனதில் பாதிச் சந்தேகம் தானாகத் தீர்ந்தது. மீதியில் இரண்டு இடத்தில் அவன் சொன்னதுதான் சரி, ஒப்புக்கொண்டேன். வாயால் மட்டும் பேசியிருந்தால் விடிந்திருக்கும்.

அடுத்தது, "எல்லாம் தற்செயலாகவே நடக்கிறது" என்ற குற்றச்சாட்டு. தற்செயல் நாயகனைச் சிக்கலில் மாட்டிவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி, சிக்கலிலிருந்து தூக்கிவிட்டால்தான் கோபம் வர வேண்டும். 'பாபநாசம்' படத்தில் நாயகன் சுயம்புலிங்கத்தின் மகளை மிரட்டும் பையன் போலீஸ் ஐ.ஜி.யின் மகனாக இருப்பது தற்செயல்தான், ஆனால் அதனால் அவர் நிலைமை மோசமாகத்தானே ஆகிறது? அதிகம் படிக்காத மனிதர் போலீசை எப்படிச் சமாளிப்பார் என்று கேட்டால், கேபிள் டிவி ஆபீசில் விடிய விடிய உட்கார்ந்து படம் பார்ப்பவர் என்று முதலிலேயே காட்டிவிட்டார்களே என்று சொல்லுங்கள். யாராவது ஓட்டை என்று சொன்னால் உடனே படத்தின் முதல் அரை மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள், பதில் பல நேரம் அங்கேதான் கிடக்கும்.

இன்னொன்று, கதையை யார் சொல்கிறார்கள் என்பது. 'விருமாண்டி' (2004) படத்தில் அதே சம்பவங்களைச் சிறையில் இருக்கும் கொத்தாளத் தேவர் ஒரு மாதிரியும் விருமாண்டி வேறு மாதிரியும் சொல்வார்கள். முதல் பாதியில் பார்த்தது இரண்டாம் பாதியில் மாறுவதைப் பிழை என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். பிழை இல்லை, ஆளுக்கொரு வாக்குமூலம்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லிவிடுங்கள், அதற்கு லாஜிக்கைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

இனி படம் சொல்லும் விஷயம். "நல்ல படம் ஒண்ணு சொல்லு" என்றதும் நமக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறோம், தப்பு அங்கேதான். பிடித்த படம் எது என்று கேட்டால் எல்லோரும் அதே பத்துப் படங்களைத்தான் சொல்வார்கள். எந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தினீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். என் அத்தைக்கு 'விருமாண்டி'யைச் சொன்னேன், ரத்தத்தைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம்தான் கேட்டேன். அவருக்குத் துப்பறியும் கதை உயிர், வெட்டுக்குத்து ஆகாது, நடுவில் பாட்டு வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவார். அவருக்கென்றே எடுத்த மாதிரி இருக்கிறது எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954): ஒரு கொலை, சந்தேகப்படும்படி சிலர், படம் முழுக்க ஒரு பாட்டுகூடக் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படமா என்று முதலில் முகத்தைச் சுளித்தவர் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

சொல்லும்போது கதையைச் சொல்லாதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "கிளைமாக்ஸ்ல ஒரு ட்விஸ்ட் இருக்கு, பாரு" என்பதையும் சொல்லாதீர்கள், கேட்டவர் முதல் காட்சியிலிருந்தே ஒவ்வொருவரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார், நாம் அனுபவித்த அதிர்ச்சி அவருக்குக் கிடைக்காது. அத்தையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பழைய படம், பாட்டு கிடையாது, ரத்தம் கிடையாது, யார் சுட்டதுன்னு கண்டுபிடிங்க." இடைவேளை நேரத்தில் போன் போட்டு ஒரு பெயரைச் சொன்னார். சரியா தவறா என்று கடைசிவரை நான் வாயே திறக்கவில்லை.