வேக எஞ்சினின் பெயரிங்குகளுக்கு ஒயில் தடையின்றிச் சென்றடைய: தொடக்கநிலையினருக்கான செய்முறை

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டுக் கொட்டகையில் வேக எஞ்சின் கட்டத் தொடங்கும் தம்பிமார் பலரும் முதலில் கேட்பது, பெரிய ஒயில் பம்ப் எங்கே கிடைக்கும் என்பதையே. பம்ப் கடைசியாக யோசிக்க வேண்டிய பொருள். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டான சம்பிலிருந்து, சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் வரையுள்ள வழியைச் சீராக்குவதே முதல் வேலை.

எஞ்சின் சீராக ஓடும்போது கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஜேர்னல், அதாவது பெயரிங்குக்குள் சுழலும் வழுவழுப்பான பகுதி, பெயரிங்கைத் தொடுவதில்லை. மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. 48 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஜேர்னல் நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடினால், அதன் மேற்பரப்பு நொடிக்கு ஏறத்தாழ பதினேழரை மீற்றர் வேகத்தில் பெயரிங்கைக் கடக்கிறது. பிஸ்டனின் தண்டைக் கிராங்கோடு இணைக்கும் பிக் எண்ட் பெயரிங்குக்குப் போகும் ஒயில், எஞ்சினின் உடலான பிளாக்கில் கிராங்கைத் தாங்கும் மெயின் பெயரிங்கைக் கடந்து, கிராங்கின் உள்துளை வழியாகவே போக வேண்டியிருப்பதால், மெயினில் உள்ள சிறு தடையும் பிக் எண்டைத்தான் முதலில் கெடுக்கும்.

முதற்படி, சுத்தம். சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் செம்மண் தூசி மூடிய கொட்டகைக்குள்ளும் படியும். ஆகவே பிளாக்கைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் வருவோம் என்று போகாமல், ஒவ்வொரு முறையும் சுத்தமான பொலித்தீனால் மூடுங்கள். ஒயில் வாய்க்கால்களின் முனையிலுள்ள அடைப்பான்களை எல்லாம் கழற்றி, நீண்ட தூரிகையைச் சவர்க்கார நீரில் தோய்த்து உள்ளே செலுத்தித் தேய்த்து, காற்றடித்து உலர்த்தி, உடனே ஒயில் பூச வேண்டும். நான் கட்டிய முதல் எஞ்சினில் ஓர் அடைப்பானை மட்டும் இறுகியிருந்ததால் விட்டுவிட்டேன். லேத் வேலையின்போது விழுந்த இரும்புத் துருவல் அதன் பின்னால் ஒளிந்திருந்து, சில நாட்களிலேயே பெயரிங்கின் அரைவட்டத் தகடுகளான செல்களில் இரண்டைக் கீறிவிட்டது. அன்றிலிருந்து எந்த அடைப்பானையும் நான் விட்டதில்லை.

அடுத்து, துளைகளின் பொருத்தம். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. மெயின் பெயரிங்கின் மேல் செல்லைப் பிளாக்கில் இருத்தி, டோர்ச் அடித்து அதன் ஒயில் துளைக்குள் பாருங்கள். துளை முழுவதும் இருட்டாகத் தெரிந்தால் நல்லது. ஓரத்தில் பிறை போலப் பிளாக்கின் இரும்பு பளபளத்தால், அந்த அளவுக்கு வழி மூடப்பட்டிருக்கிறது. செல்லின் முதுகுப்புறத்தில் பிளாக் துளையின் அளவைக் குறித்து, செல்லைக் கழற்றி, சிறிய வட்ட அரத்தால் துளையை அந்தப் பக்கமாக நீட்டி, விளிம்பில் எழும் பிசிறை முற்றாக நீக்குங்கள். ஜேர்னல் ஓடும் மென்மையான முகத்தில் அரம் படவே கூடாது. கிராங்கின் துளை விளிம்புகளையும் மென்மையான கல்லால் சிறிதளவே மழுக்கினால் போதும். கீழ்ச் செல்லிலும் பள்ளம் வெட்டினால் ஒயில் கூடும் என்று சிலர் சொல்வதுண்டு; எரிப்பின் சுமையைத் தாங்குவது கீழ்ச் செல்தான், பள்ளம் அதன் தாங்கு பரப்பைத் தின்றுவிடும். அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, ஜேர்னலுக்கும் பெயரிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஜேர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 48 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர். அந்த எஞ்சினுக்குரிய கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள். அளப்பதற்கு, ஜேர்னலை ஒயில் இல்லாமல் துடைத்து, நசுங்கி இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் என்ற மென்மையான இழையை நீளவாக்கில் வைத்து, பெயரிங்கை மூடும் கப்பை உரிய டோர்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) இறுக்கி, கிராங்கைச் சற்றும் சுழற்றாமல் கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிடுங்கள். அகலம் கூடினால் இடைவெளி குறைவு. ஒயில் ஓட்டம் கூட வேண்டும் என்று இடைவெளியை வாரி விடுவது தவறு: 0.05ஐ 0.06 ஆக்கினால், அதே அழுத்தத்தில் வெளியேறும் ஒயில் முக்கால் பங்களவு கூடிவிடும், ஏனெனில் அது இடைவெளியின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. அந்த அளவுக்கு வாய்க்காலின் அழுத்தம் இறங்கி, கடைசிப் பெயரிங் பட்டினி கிடக்கும்.

சம்பிலிருந்து பம்புக்கு ஒயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வாய்க்கும் சம்பின் அடித்தளத்துக்கும் இடையே 6 முதல் 10 மில்லிமீற்றர் விடுங்கள். களிமண் உருண்டையை வைத்து சம்பைப் பொருத்திக் கழற்றினால் அளவு தெரிந்துவிடும். குழாயின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள், பழையது காற்றை உறிஞ்சும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் ஒயில் ஒரு பக்கம் ஓடிவிடாமல் இருக்க, சம்புக்குள் தடுப்புத் தகடு அவசியம். இவ்வளவும் சரியாக இருந்தால் பெரும்பாலும் எஞ்சினோடு வந்த நிறுவனப் பம்பே போதும். தேவைக்கு மேல் பெரிய பம்ப் எஞ்சினின் வலுவைத் தின்று ஒயிலைச் சூடாக்கும்.

கட்டி முடித்ததும் எஞ்சினை உடனே இயக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, பற்றவைப்பையும் எரிபொருளையும் துண்டித்து, ஒயில் அழுத்த மானியின் முள் எழும் வரை ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாகச் சுழற்றுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டினால் நிறைவாக இருக்கலாம். முதல் ஓட்டம் முடிந்ததும் ஒயில் பில்டரை வெட்டி, உள்ளிருக்கும் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். ஓரிரு நுண்துகள்கள் இருக்கத்தான் செய்யும்; செம்பு நிறத் தகடுகள் மின்னினால் பெயரிங்கின் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது, அன்றைக்கே சம்பைக் கழற்றுங்கள்.