'ஏ' படம் என்றதும் நாம் செய்யும் தவறுகள்

2025 ஆகஸ்டில் 'கூலி' வந்த முதல் ஞாயிறு. அக்கா குடும்பமும் நாங்களுமாக ஆறு டிக்கெட். புக் செய்தது அக்கா வீட்டுக்காரர். கேட்டில் டிக்கெட்டை ஸ்கேன் செய்த இளைஞர் அக்கா மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பிக்கு வயசு என்ன சார்?"

"பத்தாவது படிக்கிறான்ப்பா. நாங்கதான் கூட வர்றோமே."

"நீங்க கூட வந்தாலும் விடக்கூடாது சார். 'ஏ' படம்."

"ரஜினி படம்ப்பா! இதுல என்ன 'ஏ' இருக்கப்போவுது?"

கடைசியில் அவர்கள் நான்கு பேரும் உள்ளே போனார்கள். நானும் பையனும் மூன்று மணி நேரம் ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்துக்குள் அவன் போனில் படத்தின் முக்கால்வாசி சண்டையைத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்துவிட்டான் என்பது வேறு கதை. எனக்கு மனதில் நின்றது அக்கா வீட்டுக்காரரின் அந்தக் கடைசிக் கேள்விதான். 'ஏ' படங்களைப் பற்றி நமக்கு இருக்கிற குழப்பம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது.

படுக்கையறை இருந்தால்தான் 'ஏ' என்ற நினைப்பு

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவர் போஸ்டர், மார்னிங் ஷோ, நடுவில் எங்கிருந்தோ ஒட்டிச் சேர்த்த ஆபாசத் துண்டான 'பிட்டு'. சென்னையில் ஒரு காலத்தில் 'மலையாளப் படம்' என்றாலே அர்த்தம் வேறு. ஐ.வி.சசியின் 'அவளுடெ ராவுகள்' 1978-ல் வந்தது. பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணை மனுஷியாகப் பார்த்த படம். இங்கே அதன் போஸ்டரைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் என்றால், கதையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பிட்டைத் தேடிப் போனவர்களுக்குக் கதை கண்ணில் படவில்லை. பிட்டுக்குப் பயந்தவர்கள் போகவே இல்லை.

ஆனால் தமிழில் 'ஏ' வாங்கிய முதல் படம் என்று சொல்லப்படுவது 1951-ல் வந்த 'மர்மயோகி'. எம்.ஜி.ஆர். படம்! காரணம், அதில் பேய் மாதிரி ஓர் உருவம் வந்துபோகும். குழந்தைகள் பயந்துவிடுவார்களாம். ஆக, இங்கே அந்த எழுத்து காமத்துக்காக அல்ல, பேய்க்காக வந்து சேர்ந்தது. 'வட சென்னை'யில் இருப்பது வெட்டுக்குத்தும் வசவும். 'விடுதலை' முதல் பாகத்தில் கண்ணை மூடவைப்பது போலீஸ் சித்திரவதை. 'கூலி'யில் ரத்தம். சான்றிதழில் இருப்பது ஓர் எழுத்துதான். அது எதனால் என்பதை அந்த எழுத்திடம் கேட்டால் தெரியாது.

படம் தொடங்குமுன் திரையில் சான்றிதழ் வரும்போது விசில் அடித்துவிட்டு விட்டுவிடுகிறோம். பிரிட்டனில் எழுத்தோடு காரணத்தையும் சொல்கிறார்கள். நம் ஊர் ஓ.டி.டி. தளங்களும் 2021 விதிகளுக்குப் பிறகு வன்முறை, வசவு, பாலியல் காட்சி என்று மூலையில் ஒரு வரி போடுகின்றன. தியேட்டருக்குப் போகுமுன் உதவுவது விமர்சனம்தான். நட்சத்திரத்தை எண்ணாமல், படத்தில் எது கடுமையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

'சென்சாரே ஏ கொடுத்துட்டான், அப்போ மட்டமான படம்தான்'

இது இரண்டாவது தவறு. 'ஏ' பல சமயம் ஒரு பேரத்தின் முடிவு. இத்தனை இடத்தில் வெட்டினால் யு/ஏ, வெட்ட மாட்டீர்கள் என்றால் 'ஏ'. 'கூலி' தயாரிப்பாளர்கள் படம் வெளியான பிறகு யு/ஏ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், மனு தள்ளுபடியானது.

அந்த எழுத்துக்கு ஏன் இவ்வளவு அடிதடி என்றால், பணம்தான். பல வருடம் தமிழ்நாட்டில் 'யு' வாங்கிய, தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. அது போக, 'ஏ' படத்தை அப்படியே டி.வி.யில் போட முடியாது. வெட்டி, வேறு சான்றிதழ் வாங்க வேண்டும். குடும்பக் கூட்டமும் வராது. இத்தனையும் தெரிந்து ஒரு இயக்குநர் 'ஏ' போதும் என்று நின்றால், அந்தக் காட்சிகளை அவர் எவ்வளவு முக்கியமாக நினைக்கிறார் என்று யோசிக்கலாம். (எல்லோரும் அப்படி இல்லை. 'ஏ' என்பதையே விளம்பரமாக்கிக் கல்லா கட்டுகிறவர்களும் உண்டு.)

'ஆரண்ய காண்டம்' இதற்கு நல்ல உதாரணம். வட சென்னைத் தாதா ஒருவரின் ஒரு நாள். தணிக்கைக் குழு 52 வெட்டு கேட்டது. தயாரிப்புத் தரப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்ப் போராடியது. படம் 2011-ல் 'ஏ' சான்றிதழோடு வெளிவந்தது. தியேட்டரில் ஓடவில்லை. ஆனால் முதல் பட இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது. அந்தத் தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று அப்படி ஒரு படம் வந்தால், நேரே உயர் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். ரிலீஸ் தேதி அறிவித்துவிட்ட சின்னத் தயாரிப்பாளர் எத்தனை பேருக்கு அது முடியும்?

பெற்றோர் கூட இருந்தால் போதாது

சட்டம் இதில் தெளிவு. 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அப்பா, அம்மா, தாத்தா என்று வீடே திரண்டு வந்தாலும் விதிவிலக்கு இல்லை. உள்ளே விட்டால் மாட்டிக்கொள்வது தியேட்டர்காரர். ஆகவே கேட்டில் நிற்கிற அந்த இளைஞரிடம் சண்டை போடாதீர்கள்.

நம் ஆட்கள் குழம்புவதற்கு ஹாலிவுட்டும் ஒரு காரணம். அமெரிக்காவின் 'ஆர்' படத்துக்கு 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரோடு போகலாம். 'அங்கேயே குழந்தைகள் பார்க்கிறார்கள்' என்று வாதாடுவது அதனால்தான். நம் 'ஏ'வுக்கு அது இணை இல்லை.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். 2023 மார்ச்சில் 'பத்து தல' படத்துக்குப் போன நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னைத் தியேட்டர் ஒன்றில் கையில் டிக்கெட் இருந்தும் நிறுத்திவைத்தார்கள். வீடியோ பரவியதும், படம் யு/ஏ, 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை என்று விளக்கம் வந்தது. யு/ஏ அப்படிச் சொல்லவே இல்லை. பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்பதுதான் அதன் பொருள். இப்போது அது 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது; மூன்றுமே பெற்றோருக்கான குறிப்புதான். வாசலில் ஆளைத் தடுக்கும் அதிகாரம் 'ஏ'வுக்குத்தான் உண்டு. அன்று அந்தக் குடும்பத்தை எது தடுத்தது என்பது வீடியோ பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் பார்த்தது எந்தப் படம்?

ஒரே படத்தைப் பற்றி இரண்டு பேர் சண்டை போடுவார்கள். இருவரும் பார்த்தது வேறு வேறாக இருக்கும். 'வட சென்னை' வந்த புதிதில், படகில் நடக்கும் முதலிரவுக் காட்சிக்கு மீனவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து, அதை எடுத்துவிடுவதாகச் சொன்னார். முதல் வாரம் பார்த்த நானும் பின்னால் பார்த்த என் நண்பனும் அந்தக் காட்சியைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம், அவன் அதைப் பார்க்கவே இல்லை என்று தெரியாமல். டி.வி.யில் வருவது இன்னும் இளைத்த பிரதி. டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவில் உலகப் படங்கள் வெட்டில்லாமல் வருவதற்குக் காரணம், விழாக்களுக்குத் தணிக்கையிலிருந்து தனி விலக்கு உண்டு. அதனால் வாதாடுமுன் ஓடும் நேரத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் குறைந்தால், ஏதோ போயிருக்கிறது.

'தடை' என்ற சொல்லையும் இப்படித்தான் அள்ளி வீசுகிறோம். தீபா மேத்தாவின் 'ஃபயர்' இந்தியாவில் தடை செய்யப்பட்ட படம் என்று இன்றும் எழுதுகிறார்கள். இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன அந்தப் படத்துக்குத் தணிக்கைக் குழு 'ஏ' கொடுத்துவிட்டது. 1998 இறுதியில் மும்பையில் தியேட்டரை அடித்து நொறுக்கினார்கள். படம் மறுபடி குழுவுக்குப் போனது. 1999-ல் வெட்டில்லாமல் திரும்பி வந்தது. தடுத்தது சட்டமா, கூட்டமா என்பது சின்ன வித்தியாசம் இல்லை. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' கதை இன்னும் விசித்திரம்: பிரிட்டனில் அதைத் திரையிலிருந்து விலக்கிவைத்தது அரசு அல்ல, குப்ரிக்கேதான். 1999-ல் அவர் இறந்த பிறகுதான் மறுபடி திரைக்கு வந்தது.

விருது வாங்கிவிட்டால் வாய் திறக்கக் கூடாதா?

என்னை அதிகம் எரிச்சலூட்டுகிற தவறு இது. முதல் நான்கையும் தாண்டி வந்த சினிமா ஆர்வலர்கள் செய்வது. முன்பு 'சீ' என்று ஒதுக்கிய அதே வேகத்தில், இப்போது 'மாஸ்டர்பீஸ்' என்று சொல்லி எதிர்ப்பவர் வாயை அடைப்பார்கள்.

பூலன் தேவியின் கதையைச் சொன்ன 'பாண்டிட் குயின்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் படத்தின் 'ஏ' சான்றிதழைச் சரி என்றது. அவரை நிர்வாணமாக்கி அவமானப்படுத்தும் காட்சி ஆசையைத் தூண்டுவதற்கில்லை. பார்ப்பவருக்கு அந்தப் பெண் மேல் இரக்கமும் செய்தவர்கள் மேல் அருவருப்பும்தான் வரும் என்பது தீர்ப்பின் சாரம். காட்டுவது வேறு, ஆதரிப்பது வேறு என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் பூலன் தேவி உயிரோடு இருந்தபோதே, அவர் விருப்பத்தை மீறி அவருக்கு நடந்ததைத் திரையில் காட்டலாமா என்று அருந்ததி ராய் 1994-லேயே கேட்டார். பூலன் தேவியே படத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர். தீர்ப்பு சான்றிதழுக்குத்தான். அருந்ததி ராயின் கேள்வி அப்படியே நிற்கிறது.

'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' இன்னும் மோசம். அதில் வரும் பெயர்பெற்ற வன்புணர்வுக் காட்சியில் வெண்ணெய் பயன்படுத்தப்போவதை நடிகை மரியா ஷ்னைடரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று இயக்குநர் பெர்த்தொலூச்சியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அவமானம் நிஜமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். படம் எடுத்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 19. இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். தெரியாதமாதிரி கதாநாயகன் மார்லன் பிராண்டோவின் நடிப்பை மட்டும் பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

நம்மூரில் 'சூப்பர் டீலக்ஸ்'. ஷில்பா என்ற திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. குழந்தைகளைக் கடத்திப் பிச்சையெடுக்க விட்டதாக ஷில்பா பேசும் இடம், ஏற்கெனவே எங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிற ஊரில் இது எங்களுக்கு என்ன செய்யும் என்று திருநங்கைகளைக் கேட்கவைத்தது. எனக்குப் பிடித்த படம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. 'உங்களுக்கு சினிமா புரியல' என்று அவர்களிடம் சொன்ன சிலரை எனக்குத் தெரியும். நல்லவேளை, இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

சரி, அக்கா மகனுக்கு வருவோம். எந்தத் தேதியில் 18 ஆகிறது என்று இப்போதே எண்ணிக்கொண்டிருக்கிறான். "முதல்ல எந்த 'ஏ' படம் பாக்கலாம் மாமா?" என்று போன வாரம் கேட்டான். 'மர்மயோகி' என்றேன். போனில் தேடி எடுத்தான், பத்து நிமிடம் பார்த்தான், நிமிர்ந்தான்.

"மாமா, இதுல என்ன 'ஏ' இருக்கு?"

அப்பா பிள்ளைதான்.