லாகுவார்தியாவை ஒரே நாளில் பார்ப்பது எப்படி? (இரண்டாம் முறை போய்க் கற்றது)

வட ஸ்பெயினில், பாஸ்க் பகுதியின் ஆலாவா மாகாணத்தில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு குன்று. அதன் மேல் மதில் கட்டிய சிற்றூர் லாகுவார்தியா. முதல் தடவை போனபோது, எதைப் பார்க்கப் போனேனோ அதைப் பார்க்காமலே திரும்பினேன். அந்தத் தவறு உங்களுக்கும் நேராமலிருக்க இந்தக் குறிப்பு.

படி 1: ஊருக்குப் போதல்

லோக்ரோன்யோ நகரிலிருந்து பேருந்து இருக்கிறது, அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. காரில் வந்தால் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும். ஒயின் சுவைக்கும் எண்ணம் இருந்தால் பேருந்துதான் என் கட்சி. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். கல் பாவிய சந்துகளில் அதை இழுத்துப் போனேன், தெருவே திரும்பிப் பார்த்தது. முதுகுப்பை போதும்.

படி 2: தேவாலய வாசலுக்கு முன்பதிவு

நான் சறுக்கிய இடம் இதுதான். சாந்தா மரியா தெ லோஸ் ரெயெஸ் தேவாலயத்தின் கல் வாசல் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்டது. அதன் மேல் உள்ள வண்ணப்பூச்சு அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் பிற்பட்டது. மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட வாசல்கள் வெயிலிலும் மழையிலும் வெளுத்து வெறுங்கல்லாக நிற்கும். இங்கே வாசலுக்கு முன்னால் பின்னாளில் இன்னொரு சுவர் எழுப்பி மூடிவிட்டதால் சிவப்பும் நீலமும் பொன்னும் அப்படியே இருக்கின்றன. நடுத்தூணில் மரியாள், இரு பக்கமும் அப்போஸ்தலர்கள், மேலே மரியாளின் வாழ்க்கைக் காட்சிகள்.

சிக்கலும் அந்தச் சுவர்தான். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சுவர், பூட்டிய கதவு. சுற்றுலா அலுவலகத்தில் பதிவுசெய்து வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். நானோ கோயில் என்றால் திறந்திருக்கும் என்று நம்பி, மதியம் 2 மணிக்குப் போய் நின்றேன். அந்த நேரத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போய்விடும். ஆகவே பேருந்துச் சீட்டு வாங்கும் முன்பே இதைப் பதிவுசெய்யுங்கள். காலை நேரமே நல்லது.

படி 3: மதிலும் மணிக்கூண்டும்

இதற்கு ஒரு மணி நேரம் போதும். 1164-இல் நவார்ரா மன்னர் ஆறாம் சாஞ்சோ இந்த ஊருக்கு உரிமைச் சாசனம் கொடுத்தார். பக்கத்து அரசான காஸ்தீலியாவோடு உள்ள எல்லையைக் காக்க வேண்டிய ஊர் என்பதால்தான் இவ்வளவு மதில். நண்பகல் 12 மணிக்குப் பெரிய சதுக்கத்தில் நில்லுங்கள், கடிகாரத்திலிருந்து பொம்மைகள் வெளிவந்து ஆடும். கவிதையில் நீதிக்கதைகள் எழுதிய சமானியேகோ 1745-இல் பிறந்ததும் இவ்வூரில்தான்.

படி 4: காலுக்குக் கீழே

தெருக்களுக்கு அடியில் 200-க்கும் மேற்பட்ட நிலவறைகள் உள்ளன. வண்டி ஓடினால் அவை அதிரும் என்பதால்தான் மதிலுக்குள் கார்களுக்குத் தடை. ஆபத்துக் காலத்தில் ஒளியவும் பண்டம் சேமிக்கவும் தோண்டியவை, பிறகு ஒயின் கிடங்குகளாயின. வருடம் முழுக்கக் குளிர்ச்சி மாறாது, அது ஒயினுக்கு நல்லது. மேலே வெயில் கொளுத்தினாலும் ஒரு மேல்சட்டை கொண்டுபோங்கள்.

பெரிய ஒயின் நிலையங்களைவிட நிலவறையில் இயங்கும் சிறிய குடும்பக் கிடங்குகளே எனக்குப் பிடிக்கும். அங்கே அந்த வருடத்து இளம் ஒயினைக் கேளுங்கள். தெம்ப்ரானியோ என்ற கருந்திராட்சைப் பழங்களைக் காம்போடு, குலை குலையாகத் தொட்டியில் போட்டு, பழத்துக்குள்ளேயே நொதிக்க விடுவது இப்பகுதியின் பழைய முறை. பழ வாசம் தூக்கலாக இருக்கும். ‘கிரியான்ஸா’ என்று எழுதியிருந்தால் குறைந்தது 2 வருடம் பதப்படுத்திய சிவப்பு ஒயின், அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில் இருந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்தால் வித்தியாசம் நாக்குக்கே தெரியும். துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்புங்கள்.

படி 5: தோட்டத்துக்குள் நடை

சாயங்காலம் குன்றிலிருந்து இறங்கி வடக்கே, ஈசியோஸ் ஒயின் நிலையம் வரை நடக்கலாம். சாந்தியாகோ கலாட்ராவா வடிவமைத்து 2001-இல் திறந்த கட்டடம். அதன் அலை அலையான கூரை, பின்னாலிருக்கும் காந்தாப்ரியா மலைத்தொடரின் முகடுகளைப் போலவே ஏறி இறங்கும். அந்த மலைதான் அட்லாண்டிக்கின் குளிர்காற்றைத் தடுத்து இங்கே திராட்சையை விளையவைக்கிறது. பழைய கொடிகளுக்குப் பந்தலோ கம்பியோ கிடையாது, குட்டைச் செடியாகத் தனித்தனியே நிற்கும். அறுவடை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும். அப்போது கிடங்குக்காரர்களுக்குத் தலைக்கு மேல் வேலை, முன்கூட்டிச் சொல்லாமல் போகாதீர்கள்.

பின்சேர்க்கை: குடிக்காதவர்கள் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ‘மோஸ்தோ’ என்று கேளுங்கள், நொதிக்காத திராட்சைச் சாறு கிடைக்கும். சைவர்களுக்கு இன்னொன்று: ரியோஹா (இந்த ஒயின் வட்டாரத்தின் பெயர்) உருளைக்கிழங்குக் குழம்பு பார்க்க நம் வீட்டுக் குழம்பு மாதிரியே சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பில் பாதி பன்றி இறைச்சித் தொத்திறைச்சியிலிருந்து வருவது. துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டுத் தருகிறேன் என்பார்கள், ஏமாறாதீர்கள்.